சைட் படுத்த ஞாயிற்றுக்கிழமைகள்

என் வெப்சைட் படுத்துவிட்டால் இரண்டே நிமிடத்தில் மகனிடமிருந்து போன் வரும். நான் காய்ச்சலில் படுத்தால் வராது. அதற்கு அவன் அலாரம் வைக்கவில்லை.

பேருந்து நிலையத்தின் விசாரணை கவுண்டரில் முப்பத்தோரு வருடம் உட்கார்ந்தவள் நான். எந்த பஸ் எத்தனை மணிக்கு, எங்கே நிற்கும், எங்கே நிற்காது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஓய்வு பெற்ற பிறகு யாரும் எழுப்பவுமில்லை, கேட்கவுமில்லை. வேறு ஊரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகன்தான், "சும்மா மோட்டுவளைய பாத்துட்டு உக்காந்திருக்காத, இதப் பாத்துக்கோ" என்று பஸ் நேரங்களுக்காக ஒரு சைட் போட்டுக் கொடுத்தான்.

அது இருப்பது வாடகை சர்வரில். எங்களோடு இன்னும் இருநூறு சைட்டுகள் அதே சர்வரில் ஒண்டுக்குடித்தனம். யாரோ ஒருத்தர் மோட்டாரைப் போட்டால் மற்ற எல்லார் குழாயிலும் தண்ணீர் நின்றுவிடுகிற கதைதான். அப்படி நிற்கும்போது அவன் கூப்பிடுவான். சைட் எழுந்து வர அரை மணி, சில நாள் ஒரு மணி நேரம்கூட ஆகும். அதுவரை அவனுக்கு வேறு வேலை ஓடாது. திரையைப் பார்த்துக்கொண்டே, சாப்பிட்டியா, முட்டி வலி எப்படி இருக்கு, மாடி வீட்டுக்காரர் இன்னும் கட்டிலை இழுக்கிறாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்பான். "வந்துடுச்சும்மா, வெச்சிடறேன்" என்றால் அன்றைய பேச்சு முடிந்தது.

ஒரு தடவை ஆறு வாரம் சைட் விழவேயில்லை. குத்துக்கல் மாதிரி நின்றது. நானாகக் கூப்பிட்டால் "மீட்டிங்ல இருக்கேம்மா" என்பான். ஆறு வாரமாக அப்படி என்னதான் பேசித் தீர்த்தார்களோ. டிவியில் செய்தி வாசிக்கிற பெண்ணுக்கு நான் பதில் சொல்ல ஆரம்பித்திருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு ஞாயிறு காலை பத்து மணிக்கு, சைட்டின் உள்பக்கத்தில் 'எல்லா அட்டவணையையும் புதிதாக உருவாக்கு' என்ற பட்டனைக் கை தவறி நாலைந்து தடவை அழுத்திவிட்டேன். சைட் சுருண்டு விழுந்தது. உடனே போன் அடித்தது.

அடுத்த ஞாயிறு கை தவறியெல்லாம் அழுத்தவில்லை.

இரண்டு மாதம் இப்படி ஓடியது. வெட்கமாக இல்லை என்றால் பொய். ஆனால் சனிக்கிழமை சாயந்திரமே மனசு லேசாகிவிடும், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

போன ஞாயிறு அவன் குரலில் கவலை தெரிந்தது.

"கூட்டம் அதிகமாயிடுச்சு போலம்மா, ஞாயித்துக்கிழமையானா தாங்க மாட்டேங்குது. பேசாம தனி சர்வர் எடுத்துடலாமா? நம்ம சைட்டுக்கு மட்டும்னு ஒண்ணு. அப்புறம் விழவே விழாது."

விழவே விழாதாம்.

"எதுக்குடா வீண் செலவு? பாவம், நாலு பேரோட இருந்துட்டுப் போகட்டும்."

"சைட்டுக்குப் போய் பாவம் பாக்கறியே!" என்று சிரித்தான். "சரி, லாக் எடுத்துப் பாக்கறேன். யார் எப்போ வந்தாங்க, என்ன பண்ணாங்க, எல்லாம் அதுல பதிவாகியிருக்கும். வியாழக்கிழமை முடிவு பண்ணிக்கலாம்."

எல்லாமுமா என்று கேட்க வாய் வரை வந்துவிட்டது.

செவ்வாயன்று ஒரு மெயில் வந்தது. எழுதியவர் ஆஸ்பத்திரி நர்ஸ். ஞாயிறு மதியம் டூட்டியாம். பத்து மணிக்கு சைட் திறக்காததால் பழைய நேரத்தை நம்பிப் போய் பஸ்ஸை விட்டிருக்கிறார். அடுத்த பஸ் ஒரு மணி நேரம் கழித்து. அதுவரை வார்டில் இன்னொரு நர்ஸ் வீட்டுக்குப் போக முடியாமல் நின்றிருக்கிறார். அவருடைய குழந்தைக்குக் காய்ச்சல். 'கோபமில்லை. உங்கள் சைட்டை நம்பித்தான் தினமும் கிளம்புகிறேன், அதனால் சொல்கிறேன்' என்று முடித்திருந்தார். நாலு திட்டு திட்டியிருக்கலாம். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கவுண்டரில் இருந்தவரை என்னால் ஒருத்தர்கூட பஸ்ஸை விட்டதில்லை.

வியாழக்கிழமை சைட் விழாமலே அவன் போன் வந்தது.

"தனி சர்வர் வாங்கிடுடா," என்று முந்திக்கொண்டேன். "சைட் இனிமே விழக் கூடாது."

"தேவையே இல்லம்மா. ஒரு நாளைக்கு நானூறு பேர்கூட வரல, இப்ப இருக்கறதே தாராளம். லாக் பாத்துட்டேன். ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு அந்த அட்டவணை பட்டன் பத்து, பன்னெண்டு தடவ அமுங்கியிருக்கு. நம்ம வீட்டு நெட் லைன்லேர்ந்துதான். தெரியாம உன் கை பட்டிருக்கும். பட்டனையே தூக்கிட்டேன், விடு. நானும் ஞாயித்துக்கிழமையானா கூப்பிட்டு உன்னைத் தொந்தரவு பண்ண வேண்டியதில்ல."

தப்பித்துவிட்டேன். "சரிடா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மானமும் மிஞ்சும், நர்ஸுக்கும் பஸ் கிடைக்கும். வருகிற ஞாயிறு எப்படி இருக்கும் என்பதும் கண்ணெதிரே தெரிந்தது. பயமாக இருந்தது.

"தெரியாம படலடா. தெரிஞ்சேதான் அழுத்தினேன். அது விழுந்தாத்தானே நீ கூப்பிடற."

லைன் போய்விட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன். திரையில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவன் பேசவுமில்லை, வைக்கவுமில்லை. மறுபடி காதில் வைத்துக்கொண்டு நானும் அப்படியே நின்றேன்.