வடிகால்னு எழுதி ஒட்டின குச்சி

எனக்கு அருவருப்பு ஜாஸ்தி. சின்ன வயசுல இருந்தே அப்படித்தான். அடுத்தவங்க எச்சில் டம்ளரைப் பார்த்தாலே குடலைப் புரட்டும். பஸ்ல கம்பியைப் பிடிக்க மாட்டேன், விழுந்தாலும் பரவாயில்லைன்னு நிப்பேன். அப்படிப்பட்ட என்னைக் கொண்டுபோய் ஒரு சீஸ் தொழிற்சாலையில சுத்தம் பார்க்குற வேலையில போட்டாங்க. அங்க எனக்கு வெச்ச பேரு 'சீச்சீ மேடம்'.

வெச்சா வெச்சுட்டுப் போகட்டும். அவங்க பண்றதைப் பார்த்தா யாருதான் சீன்னு சொல்லாம இருப்பாங்க? மெஷின்ல சீஸ் வெட்டுறவன் மூக்கைத் துடைச்ச கையோட கையுறை மாட்டுவான். கேட்டா, "அதான் கையுறை போட்டாச்சே மேடம்"பான். பொட்டலம் ஒட்டுற பொண்ணு தலைக்குல்லாவுக்குள்ள விரலை விட்டு வறட் வறட்னு சொறிவா. கழுவுறவன் ஒருத்தன் இருந்தான், அவனுக்குப் பேரே 'ஃபயர் சர்வீஸ்'. ரப்பர் குழாயைக் கையில எடுத்தான்னா தரை, சுவர், மேஜை, நடுவுல நிக்குற நான், எதையும் விட மாட்டான். முழங்கால் வரைக்கும் நனைஞ்சு போய் அவனைத் திட்டாத நாளே கிடையாது.

என் முக்கியமான வேலை செவ்வாய்க்கிழமை காலையில. மெஷின் ஓட ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி பத்து இடத்துல ஸ்வாப் எடுக்கணும். நீளமான குச்சி, நுனியில பஞ்சு. அதை அழுத்தித் தேய்ச்சு, ஒரு குப்பிக்குள்ள போட்டு மூடி, எந்த இடம்னு எழுதி ஒட்டி லேபுக்கு அனுப்பணும். அதுல கிருமி ஏதாவது வளருதான்னு அவங்க பார்ப்பாங்க. ஒன்பது இடம் கண்ணை மூடிட்டுப் பண்ணிடலாம். பத்தாவது இடம்தான் வடிகால். வெட்டுற மெஷினுக்குக் கீழ, தரையில ஒரு இரும்புத் தட்டு. அதைத் தூக்கிட்டு, முழங்கை வரைக்கும் கையை உள்ள விட்டு ஓரத்தைச் சுரண்டணும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஒரே ஒரு தடவை தூக்கினேன். ஐயோ! உள்ள சாம்பல் நிறத்துல கொழகொழன்னு, சளி மாதிரி தொங்குது. பால் கெட்ட நாத்தம் குப்புன்னு மூஞ்சியில அடிச்சுது. ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். அன்னைக்கு முழுக்கத் தண்ணி கூட இறங்கலை.

அதுக்கப்புறம் பதினாலு மாசம் நான் அந்தத் தட்டைத் தூக்கவே இல்லை. மெஷினோட பளபளன்னு இருக்குற எஃகுக் காலை நல்லாத் தேய்ச்சு, 'வடிகால்'னு எழுதி ஒட்டி அனுப்பினேன். வாராவாரம் 'சுத்தம்'னு ரிசல்ட் வந்துச்சு. மேனேஜருக்கு வாயெல்லாம் பல். எனக்கு உறுத்தலையான்னு கேட்டா, உறுத்தலை. சாக்கடையில உட்கார்ந்து யாரு சாப்பிடப் போறான்னு நினைச்சேன்.

என் தங்கச்சி அப்ப முழுகாம இருந்தா. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழிச்சு நின்ன குழந்தை. ஏழு மாசமாகியும் குமட்டல் விடலை. எதைக் கொடுத்தாலும் அடுத்த நிமிஷம் வெளிய வந்துடும். வயித்துல தங்கினது எங்க சீஸ் ஒண்ணுதான். மெத்துமெத்துன்னு வெள்ளையா இருக்கும். வெட்டும்போது உடையுற ஓரத் துண்டுகளை வேலை பார்க்குறவங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாம்னு அங்க ஒரு வழக்கம். வெள்ளிக்கிழமை தவறாம நான் ஒரு டப்பா நிறைய கொண்டுபோய் அவ ஃப்ரிட்ஜ்ல வெச்சேன். அவ வீட்டுக்காரர்கூடக் கிண்டல் பண்ணுவாரு: "கடையில வாங்கிட்டு வந்தா மூஞ்சியைத் திருப்பிக்குறா. அக்கா டப்பா வந்தா மட்டும் அம்மணிக்குப் பசிக்குது."

ஒரு திங்கக்கிழமை அவளுக்குக் காய்ச்சல் வந்துச்சு, இடுப்பை முறிக்குற வலி வேற. புதன்கிழமை போன் பண்ணினா. "அக்கா, குழந்தை முன்ன மாதிரி அசையலைக்கா." அடிச்சுப் பிடிச்சு ஓடி ஆஸ்பத்திரியில சேர்த்தோம். ரெண்டு நாள் கழிச்சு ரத்தப் பரிசோதனை வந்துச்சு. லிஸ்டீரியாங்குற கிருமி, சாப்பாட்டுல இருந்து வந்திருக்குன்னு டாக்டரம்மா சொன்னாங்க. வாராவாரம் நான் தேடுறதா எழுதிக் கொடுத்துட்டு இருந்த கிருமியே அதுதான்.

"வயித்துக்குள்ள போனா வயிறே எரிச்சுடாதா டாக்டர்?"ன்னு தங்கச்சி கேட்டா.

"நிறைய செத்துடும்மா. தப்பிச்சது குடலுக்குப் போகும். குடலோட உள்பக்கம் முதல்ல வழவழன்னு ஒரு படலம், அதுக்குக் கீழ செல்லுங்க தோளோட தோள் ஒட்டி நிக்கும். சாதாரணமா எதுவும் உள்ள நுழைய முடியாது. ஆனா பழைய செல்லுங்க தினமும் உதிர்ந்துக்கிட்டே இருக்கும். ஒண்ணு உதிரும்போது, பக்கத்துல இருக்குறதோட விலாப்புறம் கொஞ்ச நேரம் வெளிய தெரியும். இந்தக் கிருமி அந்த இடத்தைத்தான் பிடிக்கும். பிடிச்சா, அந்தச் செல்லே இதை உள்ள இழுத்து விழுங்கிடும்."

"அதுவேவா விழுங்கும்?"

"அதுவேதான். அப்புறம் உள்ளுக்குள்ளயே ஒரு செல்லுல இருந்து இன்னொண்ணுக்குத் தள்ளிக்கிட்டுப் போகும். ரத்தத்துல கலந்ததும் நஞ்சுக்கொடிக்குப் போய் அங்கயும் அதே மாதிரி பிடிச்சுக்கும். ஃப்ரிட்ஜ்ல வெச்சா இது சாகாது, அங்கயும் வளரும். மருந்து ஏத்துறோம், தைரியமா இருங்க."

எனக்கு அந்த ரூம்ல நிக்க முடியலை. அந்தச் சாம்பல் கொழகொழப்பு என் தங்கச்சி குடல்ல ஒட்டிக்கிட்டு நிக்குற மாதிரியும், ஒவ்வொரு வாரமும் நானே மூடி திறந்து ஊட்டி விட்ட மாதிரியும் இருந்துச்சு. பாத்ரூம்ல போய் ஓங்கரிச்சேன். வெறும் பித்தம்தான் வந்துச்சு.

அன்னைக்கு மத்தியானம் சுகாதாரத்துறையில இருந்து ஒரு அம்மா பேப்பரும் பேனாவுமா வந்தாங்க. ஒரு மாசமா என்னென்ன சாப்பிட்டான்னு ஒண்ணு விடாம கேட்டாங்க. ரொட்டி, பழம், வேக வெச்ச முட்டைன்னு தங்கச்சி சொல்லிக்கிட்டே வந்தா. சீஸ்னதும் அந்தம்மா நிமிர்ந்து பார்த்தாங்க.

"அதை எழுதாதீங்க"ன்னா தங்கச்சி. கையில மருந்து ஏறுது, உதடெல்லாம் வெடிச்சிருக்கு, அந்த நிலைமையிலயும் என்னைப் பார்த்துச் சிரிக்குறா. "அது எங்க அக்கா செக் பண்ற இடத்துல இருந்து வர்றது. அவளை உங்களுக்குத் தெரியாது. தூசி இருந்தா அந்தத் தெருவுலயே நடக்க மாட்டா. வேற ஏதாவதா இருக்கும்."

அந்தம்மா சீஸைத் தாண்டி அடுத்த வரிக்குப் போயிட்டாங்க. நான் வாயை மூடிட்டு நின்னிருக்கலாம். சத்தியமா ஒரு நிமிஷம் நின்னேன்.

"எழுதுங்கம்மா"ன்னேன். "நான் வடிகால்ல ஸ்வாப் எடுக்கவே இல்லை. பதினாலு மாசமா. அருவருப்பா இருந்துச்சுன்னு வேற இடத்துல தேய்ச்சு, வடிகால்னு எழுதி அனுப்பிட்டேன்."

அந்தம்மா பேனாவை நிறுத்திட்டாங்க. தங்கச்சி என்னையே பார்த்தா. சிரிப்பு இன்னும் முழுசாப் போகலை, ஆனா கண்ணு மாறிடுச்சு. அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. அவ முதுகைப் பார்த்துக்கிட்டே நான் மீதியையும் சொல்லி முடிச்சேன்.

அந்தச் சாயங்காலமே சுகாதாரத்துறை ஆளுங்களோட தொழிற்சாலைக்குப் போனேன். தட்டை நானே தூக்குறேன்னு சொன்னேன். கையை விட்டேன். கையுறைக்கு வெளிய அது வழுக்கிக்கிட்டு, குளிர்ச்சியா, விரலுக்கு நடுவுல பிதுங்குச்சு. வாயில வந்ததை விழுங்கிக்கிட்டே சுரண்டினேன். ஃபயர் சர்வீஸைக் கூப்பிட்டு தினமும் எப்படிக் கழுவுறான்னு காட்டச் சொன்னாங்க. பாவி, முதல்ல மெஷினைப் பளிச்சுன்னு கழுவினான். அப்புறம் குழாயை வடிகாலுக்குள்ளயே திருப்பிப் பீய்ச்சினான். சாம்பல் துளிகள் கத்தி மேலயும், சீஸ் வந்து விழுற தட்டு மேலயும் தெறிச்சுது. இத்தனை நாளா என் துணி நனையுதுன்னு மட்டும்தான் நான் அவனைத் திட்டியிருக்கேன்.

ரிசல்ட் வந்துச்சு. தங்கச்சி ரத்தத்துல இருந்த அதே கிருமி, அதே வகை. தொழிற்சாலையைப் பூட்டினாங்க, கடையில இருந்த சரக்கையெல்லாம் திரும்ப எடுத்தாங்க. அதுக்குள்ள குழந்தையோட துடிப்பு குறைஞ்சு, அறுவை பண்ணி எடுத்துட்டாங்க. பொண்ணு. ஒரு முழம் கூட இல்லை. கண்ணாடிப் பெட்டியில வெச்சிருந்தாங்க, மூக்குல ஒரு குழாய், கால்ல ஒரு ஊசி. பத்தாம் நாள்தான், "இனி பயமில்லை, பொழைச்சுக்கும்"னு டாக்டரம்மா சொன்னாங்க. நான் அங்கேயே தரையில உட்கார்ந்து ஓன்னு அழுதேன்.

நர்ஸ் என்னைக் கூப்பிட்டாங்க. "பெரியம்மாதானே? கையைக் கழுவிட்டு வந்து தொட்டுப் பாருங்க." பெட்டியோட பக்கவாட்டுல கை விடுறதுக்கு வட்டமா ஒரு வழி இருந்துச்சு. நான் முழங்கை வரைக்கும் சோப்பு போட்டு மூணு தடவை கழுவினேன். நகத்துக்குள்ள கூட விடலை.

தங்கச்சி சக்கர நாற்காலியில பெட்டியை ஒட்டி உட்கார்ந்திருந்தா. நான் பக்கத்துல வந்ததும் அந்த வட்ட வழியைத் தன் உள்ளங்கையால மூடினா.

"அவ கை வேண்டாம்"னு நர்ஸ்கிட்ட சொன்னா.

கோபமா சொல்லியிருந்தா தாங்கியிருப்பேன். ஆனா அவ முகம் எதையோ மிதிச்சுட்ட மாதிரி சுளிச்சுப் போயிருந்துச்சு. ஈரக் கையைத் துடைக்காம அப்படியே வெளிய வந்தேன்.