மல்லிக் கவாத்து

முதல் வெட்டிலேயே அரிவாள் செடியைத் தாண்டி மண்ணில் குத்தி நின்றது. மகள் அதைப் பிடுங்கி மறுபடி ஓங்கினாள். குண்டுமல்லிக் கிளைகள் மொட்டும் பூவுமாகச் சரிந்தன. கூடத்தில் அப்பா பிணமாகக் கிடந்தார். வண்டி வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது. அதற்குள் செடி ஒழிந்தாக வேண்டும், இனி ஒரு பூ அதில் பூக்கக் கூடாது. அவளுக்கு வேறு துக்கம் எதுவும் இல்லை.

தெருவுக்கு அவர் மல்லி வாத்தியார். கேட்டவர் கேட்காதவர் எல்லோருக்கும் பூ கொடுத்த தங்கமான மனிதர். தங்கம் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினால் என்ன நடக்கும் என்று தெருவுக்கு எப்படித் தெரியும்? வருடா வருடம் செடியைக் கட்டையாக வெட்டிக் கவாத்து செய்வார். வெட்டிய கிளைகளில் நீளமானவற்றை இலை உருவிக் கதவுக்குப் பின்னால் வைத்துக்கொள்வார். "இன்னிக்கு உங்கம்மாவுக்குக் கவாத்து இருக்கு" என்பார், சிரித்துக்கொண்டே. அந்த வீட்டில் அடிக்கு அதுதான் பெயர். மகளின் முதுகிலும் நாலைந்து கோடுகள் உண்டு.

"ஐயோ, என்ன காரியம் பண்றே!" சித்தப்பா ஓடிவந்து அவள் மணிக்கட்டை முறுக்கினார். "அண்ணன் மேல போடப் பூ பறிக்கப் போறேன்னுட்டு இதையா பண்ணுவே? புள்ள மாதிரி வளர்த்த செடிடீ!"

"புள்ளையவும் இப்படித்தான் வளர்த்தாரு. கைய விடுங்க சித்தப்பா. அடுத்த வெட்டு எங்க விழும்னு எனக்கே தெரியாது."

விட்டுவிட்டார். அவள் வெட்டினாள். ஒரு கிளை தெறித்துக் கன்னத்தைக் கிழித்தது. மல்லி வாசம் மூக்கில் ஏறியது. அடிக்கட்டை மட்டும் மிஞ்சியபோதுதான் பின்வாசலில் அம்மா நிற்பதைப் பார்த்தாள். செடிக்காக அம்மா அழுதுவிடுவாளோ என்று பயமாக இருந்தது. அழுதால் ஜென்மத்துக்கும் அவளை மன்னிக்க முடியாது.

அம்மா அழவில்லை. குனிந்து அடிக்கட்டையைத் தடவிப் பார்த்தாள்.

"அவரும் இப்படித்தாண்டி வெட்டுவாரு. இது சாகாது. ரெண்டே மாசத்துல முன்னவிட அதிகமாப் பூக்கும்."

மகளின் கையிலிருந்து அரிவாள் நழுவியது.

வாசலில் வண்டி வந்து நின்றது. அம்மா கொட்டகைக்குள் போய்க் கடப்பாரையை இழுத்துக்கொண்டு வந்தாள். முந்தானையை இடுப்பில் செருகினாள்.

"வண்டி நிக்கட்டும் தம்பி," என்றாள் சித்தப்பாவிடம். மகளிடம், "வேரு இந்தப் பக்கம்தான் ஓடுது. நகரு."

முதல் குத்தில் வெறும் மண்ணாங்கட்டிதான் பெயர்ந்தது. அம்மா மறுபடி ஓங்கினாள்.