நல்லாயிட்டேன் என்று சொன்னவள்

ஷஹீன் பானு டீயை நன்றாக ஆறவைத்து, இடது கடைவாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தாள். வலது கன்னத்தில் காற்றுப் பட்டாலே போதும், மின்சாரக் கம்பியைத் தொட்டதுபோல் காதிலிருந்து தாடைவரை வெட்டி இழுக்கும். முகநரம்பு வலி என்று சொல்லி, ஸ்கேன் எடுத்துப் பார்த்து, வேலூர் ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்திருந்தார்கள்.

மாத்திரை வலியை அடக்கியது. கூடவே தூக்கத்தையும் கொண்டுவந்தது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் மெஷின் முன்னால் கண்ணயர்ந்து, சூப்பர்வைசரிடம் ஏச்சு வாங்கினாள். போன வருஷம் இளம்பரிதியின் சீன வைத்திய மையத்துக்கு அவள் போனது அதனால்தான்.

இளம்பரிதி மெல்லப் பேசினான். மயிரிழை போன்ற ஊசிகளை நோகாமல் செருகினான். "இங்கிலீஷ் மாத்திரையும் இதுவும் ஒத்துவராதும்மா, நிறுத்திடுங்க" என்றான். நிறுத்தினாள். அதிசயம்போல் வலி ஓய்ந்தது. அந்தச் சந்தோஷத்தில், அவன் வீடியோ எடுக்கப் போனை நீட்டியபோது, "நான் நல்லாயிட்டேன், எல்லாரும் வாங்க" என்று வாயாரச் சொன்னாள்.

இந்த நோய் சில காலம் தானாகவே அடங்கிக் கிடக்கும் என்பது அவளுக்குத் தெரியாது. வலி திரும்பியபோது சோறு மெல்லக்கூட முடியவில்லை.

"உள்ள இருக்கறது வெளிய போவுதும்மா. நீங்கதான் நம்பிக்கைய வுட்டுட்டீங்க" என்றான் இளம்பரிதி.

பழி தன் தலையிலேயே விழ, வெட்கப்பட்டுப்போய் மாத்திரைக்கே திரும்பினாள்; இந்தமுறை வலி முழுசாக அடங்கவில்லை. யாரிடமும் மூச்சு விடவில்லை. அவள் சொன்ன வார்த்தை மட்டும் ஊர் ஊராகப் போனில் சுற்றியது.

டீ தீருமுன், வீட்டை விசாரித்துக்கொண்டு வாசலில் ஒருத்தி வந்து நின்றாள். பெயர் சாவித்திரி, குடியாத்தத்தில் லுங்கி நெய்கிறவள். வாய் ஒருபக்கம் கோணியிருந்தது. எச்சில் வழிவது அவளுக்கே தெரியவில்லை.

"உங்க வீடியோ பாத்துட்டுதான்க்கா எனக்கும் இதே வலின்னு அங்க போனேன். டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருந்தாரு. அதெல்லாம் எதுக்குன்னாரு இந்த ஊசிக்காரரு. மாத்திரையும் நிறுத்திட்டேன். கடைசில தள்ளாடி வுழுந்தப்புறம்தான் எடுத்தாங்க. தலைக்குள்ள கட்டி இருந்துச்சுக்கா, நரம்ப அமுக்கினு. முன்னாடியே வந்திருந்தா இந்தக் காது கேக்காம போயிருக்காதாம்."

ஷஹீன் டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

"ஒண்ணு கேட்டுட்டுப் போலாம்னுதான் வந்தேன். நானும் நம்பிக்கையாத்தான் குத்திக்கினேன். உங்களுக்கு நல்லாச்சே, எனக்கு மட்டும் ஏன் ஆவல? நான் இன்னாக்கா தப்பு பண்ணேன்?"

ஷஹீன் மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினாள். "நீ ஒண்ணும் பண்ணலம்மா. எனக்கும் நல்லாவல. இன்னிக்கும் மாத்திரைலதான் ஓடுது."

சாவித்திரி அவளையே பார்த்தாள். திட்டவில்லை, அழவும் இல்லை. "அதையும் ஒரு வீடியோல சொல்லியிருக்கலாமேக்கா" என்று மட்டும் சொல்லி, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு படியிறங்கினாள்.

அன்று வேலைக்குப் போகாமல் ஷஹீன் நேராக மையத்துக்குப் போனாள். கூடத்தில் ஆட்கள் காத்திருந்தார்கள். சுவரில் இருந்த டிவியில் அவளே சிரித்தபடி எல்லாரையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அதன் கீழே போய் நின்றாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் கன்னத்தில் வெட்டியது.

"இது நான்தான். எனக்கு நல்லாவல. இத நம்பி வந்த ஒருத்தி சீரழிஞ்சு போய்ட்டா."

உள்ளிருந்து வந்த இளம்பரிதி பதறாமல் சிரித்தான். "நம்பிக்கை இல்லாதவங்களுக்கு இப்டித்தான் ஆவும்."

சிலர் தலையாட்டினார்கள். ஒரே ஒரு பெண் மட்டும் செருப்பைத் தேடினாள்.

ஷஹீன் கன்னத்தைப் பொத்திக்கொண்டு மற்றவர்களைப் பார்த்துச் சொன்னாள்: "நம்பிக்கைக்கு இன்னா கொறச்சல்? நம்பித்தான் கெட்டோம். ஊசி குத்திக்கிறது அவங்கவங்க இஷ்டம். ஆனா டாக்டர் குடுத்த மாத்திரைய நிறுத்து, ஸ்கேன் எதுக்குன்னு சொல்றவன் வைத்தியனே இல்ல. வலி அடங்கிட்டா நோவு போயிடுச்சுன்னு அர்த்தமில்ல. நல்லாயிட்டேன்னு ஊருக்கே சொல்ற வாய், ஆவலன்னா அதையும் சொல்லணும். நான் வெக்கப்பட்டுனு சும்மா இருந்தேன். ஒருத்திக்குக் காது போச்சு."