கூப்பிட்டவன் பின்னால் போன படகு

செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு டீசல் அக்காவின் கொழுந்தன் "இது என் படகு" என்று உரக்கச் சொன்னதும், அக்காவின் படகு கயிற்றைத் தானே அவிழ்த்துக்கொண்டு அவன் படகுத்துறையில் போய் நின்றது. யாரும் வாயைப் பிளக்கவில்லை. துறைமுக நம்பர் மட்டும் உள்ள படகுகள் அப்படித்தான். குரல் எது பெரிதோ அந்தப் பக்கம் போகும். டீசல் அக்கா எஞ்சின் மெக்கானிக். கணவன் இறந்து மூன்று வருடம். நடுக்கடலில் நின்றுபோன எஞ்சின்களை அந்தப் படகில் போய்ச் சரிசெய்வதுதான் அவள் பிழைப்பு. அவள் கத்தினால் படகு வரும்; அவன் கத்தினால் போகும். பதினோராம் நாள் அவள் தொண்டை கட்டிக்கொண்டது. படகு அவனிடமே தங்கிவிட்டது.

"அண்ணன் ஓட்டின படகு, அண்ணி. எனக்கு உரிமை இல்லையா?"

"ஓட்டினது அவரு, வாங்கினது நான். பத்திரம் என் பேர்ல இருக்கு, தம்பி."

"அப்போ அதைப் படகுகிட்ட படிச்சுக் காட்டுங்க!"

பத்திரத்தை எடுத்துக்கொண்டு அவள் தேசியப் பதிவு அலுவலகத்தின் நான்கு மாடிகளையும் ஏறினாள். "துறைமுக நம்பர்தான் இருக்கேம்மா?" என்றார் குமாஸ்தா. "அது படகு எங்க நிக்கணும்னு சொல்லுது சார். யாரோடதுன்னு சொல்லலை" என்றாள், கட்டிய தொண்டையோடு. தேசியப் பதிவு இருந்தால் வங்கி நம்பும், நீதிமன்றம் நம்பும், அயல்நாட்டுத் துறைமுகமும் நம்பும் என்று குமாஸ்தா அடுக்கினார். அதே குரலில், "படகும் நம்பும்" என்று சேர்த்துக்கொண்டார்.

பெயின்ட் நம்பர் அங்கே செல்லாது. பெயர்த்தால் தழும்பு தெரியும்படி, உள்ளே படகின் முதுகெலும்பாக ஓடும் முதுகுக்கட்டையிலேயே செதுக்க வேண்டும். கொழுந்தன் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் பதிவு அலுவலகச் சர்வேயர் படகில் இறங்கி ஏழு இலக்கங்களைச் செதுக்கினார். ஏழாவது முடிந்ததும் படகு அவரையும் ஏற்றிக்கொண்டு அக்காவின் துறைக்குத் திரும்பியது. அவர் வழியிலேயே அறிக்கையை எழுதி முடித்தார்.

கொழுந்தன் விடுவானா? ஏலக்கூடத்து ஒலிபெருக்கியைத் தூக்கி வந்து, "என் படகு!" என்று துறைமுகமே அதிரக் கத்தினான். அக்காவின் படகு அசையவில்லை. மற்ற நாற்பத்தொரு படகுகளும் வந்தன. அவன் படகுத்துறை பலகை பலகையாக உடைந்து தண்ணீரில் போயிற்று. படகுக்காரர்கள் அவனை ஏசிய ஏச்சை அச்சில் ஏற்ற முடியாது.

அந்த மாதமே அவனைத் தவிர அத்தனை பேரும் தேசியப் பதிவு வாங்கினார்கள். பிறகு ஆளுக்கொரு நாளாக முறை வைத்துக் கொழுந்தனின் சொந்தப் படகைக் கூப்பிட்டார்கள். இருபதாவது நாள் அவன் அக்காவின் பட்டறை வாசலில் வந்து நின்றான்.

"அண்ணி... அந்த ஆபீஸ் எங்க இருக்கு?"

அவள் ஸ்பானரைக் கீழே வைக்கவில்லை. "கடைத்தெரு முனை, நாலாவது மாடி. லிஃப்ட் ஓடாது. பத்திரத்தை மறந்துட்டுப் போயிடாதீங்க, தம்பி."

அவன் இரண்டாவது மாடி ஏறும்போது, அவன் படகு ஐஸ் ஃபேக்டரிக்காரர் துறையில் நின்றது. அவர் அதில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.