மஞ்சள் மூடி டியூப்

மருந்துக்கடையில் நிற்பவர்களில் இரண்டு வகை உண்டு. சீட்டைப் பார்த்து மருந்து கொடுப்பவர்கள் ஒரு வகை, ஆளைப் பார்த்துக் கொடுப்பவர்கள் இன்னொரு வகை. நம் ஆள் இரண்டாவது வகை. பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த கடையில், கண்ணாடி மேசைக்குப் பின்னால், இருபத்திரண்டு வருஷம் நின்று தேய்ந்தவர். முதலாளி அவரை 'அரை டாக்டர்' என்றுதான் கூப்பிடுவார். "ஆயிரம் பேரைக் கொன்னாத்தான்யா அரை வைத்தியன். உனக்கு இன்னும் எத்தனை பாக்கி?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொள்வார். இவருக்கு அதில் கோபமே வந்ததில்லை. அரை டாக்டர் ஆகிவிட்டோம், இன்னும் அரைதானே என்று உள்ளுக்குள் குளிர்ந்துபோவார்.

தோல் விஷயத்தில் அவருக்குத் தனிப் பேர். வீட்டில் சொல்லக் கூசுகிறதை எல்லாம் ஜனங்கள் அவரிடம் வந்து சொன்னார்கள். மேசைமேல் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி, சட்டைக் கையை அரை அங்குலம் தூக்குவார்கள். அதற்குள் இவர் கையைக் காட்டி நிறுத்திவிடுவார். "போதும், புரிஞ்சுடுச்சு." கை தானாக மூன்றாவது தட்டுக்குப் போகும். மஞ்சள் மூடி போட்ட டியூப் ஒன்று வரும். படர்தாமரையா, வேர்க்குருவா, முகப்பருவா, பூச்சிக்கடியா, எதுவானாலும் அதே டியூப். "இதுக்குள்ள மூணு மருந்து இருக்கு. எந்த வியாதியா இருந்தாலும் மூணுல ஒண்ணுகிட்ட மாட்டிக்கும்" என்பது அவர் கண்ட வைத்திய சாஸ்திரம். மூன்றே நாளில் அரிப்பு நிற்கும். கைராசிக்காரர் என்று ஊரெல்லாம் பேச்சு. பூசியவர்களே மாசாமாசம் அதே டியூபுக்குத் திரும்பி வந்தார்கள். அதையும் அவர் பாராட்டுக் கணக்கில்தான் சேர்த்துக்கொண்டார்.

அவர் மனைவிக்குத் துணி ஆலையில் தையல் மெஷின் வேலை. வேர்த்து ஒழுகும் கூடத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து தைக்கவேண்டும். எட்டு மாசத்துக்கு முன்னால், இடுப்பில் துணி இறுக்குகிற இடத்தில், சின்ன வளையமாக ஒன்று வந்தது. விளிம்பு சிவந்து, நடுவில் தெளிவாக இருந்தது. "அரிக்குதுங்க" என்று காட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியைக்கூட எடுத்துப் போடவில்லை. சாயங்காலம் டியூபைக் கொண்டுவந்து கொடுத்தார். மூன்று நாளில் போய்விட்டது. "பாத்தியா?" என்றார். அவள் சிரித்தாள். அதற்கப்புறம் அவர் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. அவரைப் பொறுத்தவரை அது தீர்ந்துபோன கேஸ்.

அதன் பிறகு வீட்டில் சில மாறுதல்கள் நடந்தன. அவள் கதவைத் தாழிட்டுக்கொண்டுதான் உடை மாற்றினாள். தன் துண்டைத் தனியாக வெந்நீரில் துவைத்தாள். படுக்கும்போது முதுகைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டாள். குளியலறைக் கதவுக்குப் பின்னால், நுனியில் பழைய துணி சுற்றிய மர ஸ்கேல் ஒன்று புதிதாக வந்து நின்றது. குழாய் துடைக்க வைத்திருக்கிறாள் போல என்று நினைத்தார். அவள் முகம் கொடுத்துப் பேசாததற்கு ஏதோ கோபம் என்று முடிவுகட்டி, கோபத்துக்குப் புருஷர்கள் வழக்கமாகச் செய்கிற சிகிச்சையைச் செய்தார். அதாவது, தானாகப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நகவெட்டியைத் தேடி அலமாரியைக் கிளறியபோதுதான் அந்தப் பை கிடைத்தது. போர்வைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்த மருந்துப் பை. அதிலும் எதிர்க்கடைப் பை! மருந்துக்கடைக்காரன் பெண்டாட்டி எதிர்க்கடையில் போய் மருந்து வாங்குவதா? அவருக்குத் தலைக்குமேல் ஏறிவிட்டது. பையைக் கொட்டினார். மாத்திரை அட்டைகள், ஒரு களிம்பு, தோல் டாக்டர் எழுதிய சீட்டு. சீட்டின் அடியில் சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தது: 'மஞ்சள் மூடி டியூப் இனி தொடவே கூடாது.'

"யாரு இந்த டாக்டர்?" என்று கத்தினார். "இருபத்திரண்டு வருஷமா நான் குடுக்கிற மருந்தை வேணாம்னு சொல்ல இவங்க யாரு? அடுத்த தடவை நானும் வர்றேன். நாலு வார்த்தை கேட்டாத்தான் எனக்கு ஆறும்."

"வேணாங்க. நீங்க வராதீங்க."

"ஏன் வரக்கூடாது?"

அவள் மருந்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டாள்.

புதன்கிழமை இருவரும் போனார்கள். காத்திருக்கும் கூடத்தில் நுழைந்ததும் அவர் கண்ணில் முதலில் பட்டது பள்ளிக்கூட வாட்ச்மேன். அவருடைய ஆறு மாசத்து வாடிக்கை. இவரைப் பார்த்த மாத்திரத்தில் மடியில் இருந்த பையைத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டார். அவருக்குப் பக்கத்தில் முகத்தைக் கண்வரை துணியால் மூடிய கல்லூரிப் பெண் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பினாள். முடிவெட்டும் கடைக்காரர், ஓடாத மின்விசிறியை உன்னிப்பாகப் பார்க்க ஆரம்பித்தார். கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார் அரை டாக்டர். அத்தனையும் தெரிந்த முகங்கள். 'நன்றி கெட்ட ஜென்மங்கள்' என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே உட்கார்ந்தார்.

தோல் டாக்டருக்கு ஐம்பது வயசு இருக்கும். காலையிலிருந்து பேசிப் பேசித் தொண்டை கட்டியிருந்தது. "முதுகைக் காட்டும்மா" என்றார்.

மனைவி தயங்கினாள். "இவரு வெளிய இருக்கட்டுமா டாக்டர்?"

"வீட்டுக்காரர்தானே? அவர்தான் முதல்ல பாக்கணும். கை எட்டாத இடத்துக்கு மருந்து யார் தடவுறது?"

அவள் திரும்பி நின்று சட்டையைத் தூக்கினாள்.

இடுப்பிலிருந்து தோள்பட்டை வரைக்கும் பரவியிருந்தது. வளையத்துக்குள் வளையம், அதற்குள் இன்னொன்று. எது தொடக்கம், எது முடிவு என்று தெரியவில்லை. பழையவை கறுத்தும் புதியவை சிவந்தும் கிடந்தன. இடுப்பு மடிப்பில் தோல் வெங்காயச் சருகைப்போல மெலிந்து பளபளத்தது. அதில் விரல் நீளத்துக்கு ஊதா நிறக் கோடுகள் ஓடின. ஒரே வீட்டில், ஒரே அறையில் இருந்துகொண்டு இதை எட்டு மாசம் அவர் பார்க்கவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஊரார் வியாதியை எல்லாம் அரைப் பார்வையில் சொல்கிறவர்! தொண்டைக்குள் நாலு வார்த்தை கொண்டுவந்திருந்தாரே, அது எங்கே போனதென்றே தெரியவில்லை.

டாக்டர் ஒரு தாளில் மூன்று கோடு இழுத்தார். "இங்க பாருங்க சார். இது மேல்தோல். இது உள்தோல், ரத்தக்குழாய், நரம்பு, வேர்வைச் சுரப்பி எல்லாம் இங்கதான். இதுக்கும் கீழ கொழுப்பு. மேல்தோல்லயும் உச்சியில இருக்கிறது வெறும் செத்த அணுக்கள். அது தினமும் உதிரும், அடியில இருந்து புதுசு ஏறி வரும். படர்தாமரைங்கிற பூஞ்சை இந்தச் செத்த அடுக்குலதான் குடியிருக்கும். மொட்டைமாடியில வந்து உக்காந்த ஆளு அவன். சரியான மருந்து போட்டிருந்தா சில வாரத்துல இறங்கிப் போயிருப்பான்."

"அப்புறம் எப்படி..." என்றார்.

"அரிக்குது, சிவக்குதுன்னா என்ன அர்த்தம்? உடம்பு சண்டை போடுதுன்னு அர்த்தம். அந்த டியூப்ல இருக்கிற ஸ்டீராய்டு உடம்போட கையைக் கட்டிப்போட்டுடும். அரிப்பு நிக்கும், சிவப்பு மறையும். நாய் குரைக்குதேன்னு நாய் வாயைக் கட்டிட்டு, திருடன் போயிட்டான்னு படுத்துத் தூங்கின கதைதான். அவன் பாட்டுக்கு வீடு பூரா சுத்தியிருக்கான். போதாக்குறைக்கு அந்த மருந்து உள்தோலையும் மெலிய வச்சுடுச்சு. அதோ, அந்தக் கோடெல்லாம் அதனாலதான்."

"அது போயிடுங்களா?"

"பூஞ்சை போகும், நான் போக்கிடுவேன். கோடு மங்கும். போகாது."

மனைவி சட்டையை இறக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். டாக்டர் பேனாவை மேசைமேல் போட்டார். "எந்தப் புண்ணியவான்மா இதைக் குடுத்தான்? போன தடவையும் கேட்டேன். வெளிய உக்காந்திருக்கிறவங்கள்ல பாதிப்பேர் இதே டியூப்தான். ஒருத்தராவது கடைப் பேரைச் சொல்லணுமே!"

"ஞாபகமில்லைங்க டாக்டர்," என்றாள் அவள், தரையைப் பார்த்தபடி. "பஸ்ஸை விட்டு எறங்கி ஏதோ ஒரு கடையில வாங்கினேன்."

"நீங்களாவது சொல்லுங்க சார். உங்களுக்கு என்ன வேலை?"

"கடையில நிக்கிறேன்."

"என்ன கடை?"

"எல்லா சாமானும் விக்கிற கடைங்க," என்றார் அரை டாக்டர்.

சொல்லி முடித்ததும் அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. மனைவி அவருக்காகப் பொய் சொன்னாள், சரி. இவர் யாருக்காகச் சொன்னார்? அவள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது.

ரத்தப் பரிசோதனைக்கு அவள் பக்கத்து அறைக்குப் போனாள். அவர் கூடத்தில் நின்றார். வாட்ச்மேன் மெல்ல எழுந்து, தொடை உராயாதபடி காலை அகட்டி அகட்டி நடந்து வந்தார்.

"டாக்டர் சார், தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க மருந்துல ஒரு குறையும் இல்ல. என் உடம்புவாகு அப்படி. உங்ககிட்ட சொல்லாம வந்துட்டேன்னு மனசு உறுத்திக்கிட்டே இருக்கு."

"எனக்கும் அப்படித்தான்," என்றார் முடிவெட்டுகிறவர். "கைராசி உங்களுக்கு இருந்து என்ன? வாங்கிக்க எனக்கு ராசி வேணுமே."

கல்லூரிப் பெண் முகத்துணியைக் கொஞ்சம் இறக்கினாள். பருவுக்கென்று வந்தவள் அவள். கன்னமெல்லாம் வெந்தாற்போலச் சிவந்து, மெல்லிய ரத்தக்குழாய்கள் நூல்நூலாகத் தெரிந்தன. "நல்ல மருந்துதான் அங்கிள்," என்றாள். "பூசலைன்னா உடனே எரியுது. என் மூஞ்சிதான் சரியில்ல."

அவர்கள் மூவரும் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதுதான் அவரால் தாங்க முடியவில்லை. நாலு பேர் சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால் இந்த அளவு அவமானமாக இருந்திருக்காது.

டாக்டர் அறைக்கதவு ஒருக்களித்துத்தான் இருந்தது. அவர் போய்க் கதவைத் தள்ளினார். உள்ளே வேறு ஒருவர் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"டாக்டர், எல்லா சாமானும் விக்கிற கடை இல்லைங்க. மருந்துக்கடை. அந்த டியூபைக் குடுத்தவன் நான்தான்." கூடத்துக்கும் கேட்க வேண்டும் என்றே உரக்கச் சொன்னார். "இதோ இவங்களுக்கெல்லாம் குடுத்தேன். என் பெண்டாட்டிக்கும் குடுத்தேன். இவங்க உடம்புல, மூஞ்சியில ஒரு தப்பும் இல்ல. தப்பு என்னோடது."

டாக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "வெளிய உக்காருங்க. கடைசியா கூப்பிடறேன்."

பரிசோதனை அறை வாசலில், ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி மனைவி நின்றிருந்தாள். எல்லாம் அவள் காதிலும் விழுந்திருக்கும். யாராவது ஒரு வார்த்தை திட்டமாட்டார்களா என்று அவர் காத்திருந்தார். கடைசியில் வாட்ச்மேன்தான் வாயைத் திறந்தார்.

"அப்ப, இனிமே என்ன சார் பூசுறது?"

இருபத்திரண்டு வருஷப் பழக்கம், அவர் கை மூன்றாவது தட்டைத் தேடி லேசாக உயர்ந்தது. அதைக் கீழே இறக்கினார்.

"எனக்குத் தெரியாது," என்றார். "உள்ள கேளுங்க."

அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. வரிசையின் கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்தார். பஞ்சைக் குப்பையில் போட்டுவிட்டு மனைவியும் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். எல்லாரும் போன பிறகு டாக்டர் அவரைக் கூப்பிட்டார். திட்டவில்லை. "மொத்தம் எத்தனை பேருக்குக் குடுத்திருப்பீங்க?" என்று மட்டும் கேட்டார். அதற்கும் அவரிடம் அதே பதில்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள். "ஏன் சொன்னீங்க? நான்தான் மறைச்சுட்டேனே."

"நீ எங்கிட்டயேதானே மறைச்சே."

"உங்ககிட்டதாங்க மறைக்கணும்." "வேற யாரு பாத்தா எனக்கென்ன? மறுபடி மறுபடி வந்துச்சு, அதே டியூபை வெளிய வாங்கிப் பூசிக்கிட்டே இருந்தேன். ஊரே கைராசிக்காரர்ங்குது. அந்தக் கைக்கு என் உடம்புதான் அடங்கலைன்னு நெனச்சேன். எந்த வாயால வந்து சொல்றது?"



அவள் புதுக் களிம்பை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனாள். பழக்கதோஷத்தில் கதவுக்குப் பின்னால் கையை விட்டு அந்த ஸ்கேலை எடுத்தாள். கொஞ்சம் களிம்பைத் துணிசுற்றிய நுனியில் வைத்து, தோளுக்குமேல் கையை வளைத்து, முதுகை எட்டப் பார்த்தாள். வாசலில் நின்றிருந்த அவருக்கு அப்போதுதான் புரிந்தது, அது குழாய் துடைக்கிற கோல் இல்லையென்று.

உள்ளே போய் அதை அவள் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார். சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார்.

"முடிச்சுட்டு மறுபடியும் கழுவுங்க. தொத்திக்கும்," என்றாள் அவள்.

"சரி," என்றார். பிறகு சட்டைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, அவளை வெளிச்சத்துப் பக்கம் திருப்பி நிறுத்தி, இடுப்பில் அந்த முதல் வளையம் எங்கே இருந்தது என்று தேட ஆரம்பித்தார்.