பசித்தவன் கட்டிய கோட்டை

என் வீட்டுக்காரர் தபோதரனுக்கு ஊரில் பிடித்த பயம், ஜெர்மனிக்கு வந்து இத்தனை வருடமாகியும் விடவில்லை. எசனில் எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கும் நிலவறைக்குள், இங்கத்தைய பேச்சில் கெல்லருக்குள், இறங்கிப் பாருங்கள். அரிசி மூட்டை, பருப்பு, தகரத்தில் அடைத்த ரின்மீன், மெழுகுதிரி என்று நிலத்திலிருந்து முகடு வரை அடுக்கியிருக்கிறார். "ஆர் வந்து எங்களைச் சுத்தி வளைக்கப் போறாங்கள்?" என்று கேட்டுக் கேட்டு என் வாய் நொந்ததுதான் மிச்சம்.

எங்கள் ஒரே மகள் நிலக்சி படிக்கப் போனது ஜப்பானில் குமமோட்டோ நகரத்துக்கு. அவள் முதலில் அனுப்பிய படம் அந்த ஊர்க் கோட்டை. நானூறு வருடத்துக்கு முன் அதைக் கட்டிய பிரபு, கொரியாவில் ஒரு முற்றுகைக்குள் அகப்பட்டுப் பட்டினி கிடந்தவனாம். அதனால் கோட்டைக்குள் நூற்றுக்கும் மேலே கிணறு வெட்டினானாம். தரைப் பாய்களுக்குள்கூட, அவசரத்துக்கு அவித்துத் தின்னக் கிழங்குத் தண்டுகளை வைத்துத் தைத்தானாம். இவருக்குக் கேட்கவும் வேண்டுமா! "பாத்தீரோ, பசி தெரிஞ்ச மனிசன்," என்று அந்தப் படத்தைக் கெல்லர்க் கதவில் ஒட்டிவிட்டார்.

2016 ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை பின்னேரம் அவள் அழைத்தாள். அங்கே இரவு. நிலம் ஆடி, அக்கம்பக்கத்துச் சனமெல்லாம் பூங்காவில் இருக்கிறதாம்.

"வெட்டையில நிக்காதை பிள்ளை! உள்ளுக்கை போ," என்று இவர் கத்தினார். "ஆடி முடிஞ்சுது தானே. வீட்டுக்குள்ள போய்ப் படு, விளங்குதோ?"

"ஓமப்பா."

ஊர்ச் சண்டையில் செல் குண்டு அடித்த காலத்தில் இவருடைய தம்பி வெட்டவெளியில் நின்றுதான் செத்தான். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகுமா? எனக்கும் இவர் சொன்னது சரியாகத்தான் பட்டது. தொலைக்காட்சியில் கோட்டையைக் காட்டினார்கள். கொஞ்சம் ஓடு விழுந்திருந்தது, மதில் பெரும்பாலும் நின்றது. "பாத்தீரோ," என்றார். மறுநாள் காலை, 'வீட்டிலதான் நிக்கிறன்' என்று மகளும் எழுதிவிட்டாள்.

அன்று பின்னேரம் நான் பிட்டு அவித்துக்கொண்டிருந்தபோது இவர் என்னைக் கூப்பிட்ட குரல் மனிதக் குரலாக இல்லை. ஓடிப் போய்ப் பார்த்தால் தொலைக்காட்சியில் அதே கோட்டை. முதல் நாளையதைவிடப் பெரிய நிலநடுக்கமாம். மதில் கல்லுக் கல்லாய்ச் சரிந்து புழுதி கிளம்பிக்கொண்டிருந்தது. முதல் ஆட்டத்துக்குப் பிறகு வீட்டுக்குத் திரும்பியவர்கள் இடிபாட்டுக்குள் அகப்பட்டிருக்கலாம் என்று செய்தி வாசித்தவள் சொன்னாள்.

நான் அப்படியே தரையில் குந்திவிட்டேன்.

"நான்தான் உள்ளுக்கை போகச் சொன்னனான்," என்றார் இவர்.

உண்மையைச் சொன்னால், எழும்ப முடிந்திருந்தால் அந்த மனிதரை அடித்திருப்பேன். மகளுக்குப் போன் எடுத்தோம். மணி போனது, அவள் தூக்கவில்லை. பிறகு மணியும் போகவில்லை. குசினியில் பானைத் தண்ணீர் வற்றிக் கரி மணத்தது. ஊன்ட்றொப் கோயில் அம்மாளுக்கு ஏதோ நேர்த்தி வைத்தேன். என்ன நேர்த்தி என்று அந்த நேரமே எனக்குத் தெரியவில்லை.

தெரியாத ஒரு எண்ணிலிருந்து போன் அடித்தது.

"அம்மா, நான் வெளியில நிக்கிறன்."

நான் குழறி அழுதேன். இவர் போனைப் பறித்தார். "வீடு?"

"மேல்மாடி இறங்கி என்ர கட்டிலுக்கு மேல கிடக்கு. நீங்கள் பயப்படுவியள் எண்டுதான் ஓம் எண்டனான். நான் உள்ளுக்கை போகேல்லையப்பா."

சின்னப் பொய்க்கும் வீட்டைத் தலைகீழாக்கும் மனிதர் இவர். "நல்லது பிள்ளை, நல்லது," என்றார்.

அப்போது அங்கே மறுபடியும் ஆடியது. சனம் கத்துவது போனுக்குள்ளால் கேட்டது.

"அப்பா, பயமாக் கிடக்கு! நான் என்ன செய்யிறது?"

இவர் வாயைத் திறந்தார். 'உள்ளுக்கை போ' என்ற பழைய சொல் நாக்கு நுனி வரை வந்ததை நான் கண்டேன். கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"எனக்குத் தெரியாது பிள்ளை," என்றார். "பக்கத்தில நிக்கிற சனத்தைக் கேள்."

கல்யாணம் முடித்த நாளிலிருந்து, தெரியாது என்று இவர் சொல்லி நான் கேட்டதில்லை. மதில் விழுந்ததைப் பார்த்தபோதுகூட எனக்கு அவ்வளவு பயம் வரவில்லை.