உங்களைச் சொல்லலண்ணே

கட்சியின் கிளைத் தலைவர் கடைக்குள் நுழைந்தபோது கண்ணாடிக்கடைக்காரர் ஒரு லென்ஸின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நகரசபைத் தேர்தலுக்கான பட்டியல் அன்று சாயங்காலம் மேலிடத்துக்குப் போகிறது, அந்த வார்டுக்குக் கிளை எழுதியிருப்பது தன் பெயரைத்தான் என்று அவருக்குத் தெரியும். அதனால் சிரித்த முகமாகவே எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். தலைவர் உட்காரவில்லை. கண் சோதிக்க வந்தவர் போலச் சுவரிலிருந்த எழுத்து அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“வீடு வீடாப் போய்ப் பார்த்தோம்ண்ணே. உங்க பேரைச் சொன்னதும் நம்ம கட்சிக்காரங்களே முகத்தைத் திருப்பிக்கிறாங்க.”

“இருபது வருஷமா என்கிட்டதானே கண்ணாடி போடுறாங்க?”

“கண்ணாடி போடுறது வேற, ஓட்டுப் போடுறது வேற. உங்க ஆளுங்களை நம்ப முடியாதுன்னு ஒரு பேச்சு. உங்களைச் சொல்லலண்ணே. நீங்க அந்த மாதிரி இல்லன்னு எல்லாருக்கும் தெரியும்.” சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து மேசைமேல் விரித்தார். உடல்நிலை காரணமாகப் போட்டியிலிருந்து விலகிக்கொள்வதாக அதில் அச்சடித்திருந்தது. “பெரிசு பண்ணாம ஒரு கையெழுத்து. கட்சிக்காக.”

போட்டுக் கொடுத்தார். தலைவர் போனபிறகும் பேனா கையிலேயே இருந்தது.

பதவி ஆசையில் கட்சிக்கு வந்தவரல்ல அவர். குடும்பம், ஒழுக்கம், உழைத்துச் சாப்பிடுவது என்று அப்பா வீட்டில் சொன்னதையெல்லாம் முதல்முறை ஒரு மேடையில் கேட்டபோது, அது தன் வீட்டுப் பேச்சாகவே இருந்தது. சேர்ந்துவிட்டார். போட்டோ எடுக்கும் கூட்டங்களில் அவருக்கு எப்போதும் மேடையிலேயே முன்வரிசை நாற்காலிதான். ‘எங்களிடம் எல்லாரும் இருக்கிறார்கள்’ என்று பேச்சாளர் சொல்லும்போது கை தவறாமல் அவர் பக்கம் நீளும். “மேடைக்குப் பந்தல், மைக், நீங்க. மூணையும் வாடகைக்கு எடுத்துட்டுப் போறாங்க” என்பாள் மனைவி. அவர் கோபித்துக்கொள்வார். அவருடைய ஆட்களைப் பற்றி யாராவது நக்கலடித்தால் முதலில் சிரிப்பவரும் அவர்தான். முந்திக்கொண்டு சிரித்துவிட்டால் அந்த நக்கல் தன்னைத் தாண்டிப் போய்விடும் என்று ஒரு கணக்கு.

இப்போது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது தலைவர் சொன்ன ‘பெரிசு பண்ணாம’தான். அதே வார்த்தையை அவர் ஒருத்தியிடம் சொல்லியிருக்கிறார். தன் கூடப்பிறந்த தங்கையிடம்.

அவள் அப்போது ஆஸ்பத்திரியில் நர்ஸ். எட்டு வருஷத்துக்கு முன்னால் இதே தலைவரின் அப்பா அங்கே படுத்திருந்தார். ஊசி போடப் போனவளின் கையைத் தட்டிவிட்டு, “உங்க ஆளுங்க கை என்மேல படக்கூடாது” என்று வார்டே கேட்கக் கத்தினார். அவள் புகார் எழுதிக் கொடுத்தாள். கண்ணாடிக்கடைக்காரர் அவள் வீட்டுக்கே போய், “வயசானவரும்மா, பெரிசு பண்ணாத” என்று கெஞ்சி, வாபஸ் கடிதத்தில் கையெழுத்து வாங்கிவந்தார். அதன்பின் அவள் பொய்ப் புகார் கொடுத்தவளாகிவிட்டாள். நோயாளிகள் பக்கமே விடாமல் துணிகள் அடுக்கும் அறைக்கு மாற்றினார்கள். ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்து வேலையை விட்டாள். அண்ணனோடு சண்டை போடவில்லை. வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள், அவ்வளவுதான்.

மத்தியானமே கடையை இழுத்துப் பூட்டிவிட்டு அவள் வீட்டுக்குப் போனார். மொட்டைமாடியில் துவைத்த துணிகளோடு நின்றிருந்தாள். தலைமுடி பாதி நரைத்திருந்தது. அது எப்போது நரைத்ததென்று அவருக்குத் தெரியாது.

“யாருக்காவது உடம்பு சரியில்லையா?” என்றாள் பதறி.

“எனக்குத்தான் சரியில்லையாம். கையெழுத்தே போட்டுக் குடுத்துட்டேன்.”

நடந்ததைச் சொன்னார். அவள் ஒரு சட்டையை உதறிக் கொடியில் போட்டபடியே கேட்டாள்.

“கோவம் வந்துச்சா?”

“வரலம்மா. உன் ஞாபகம்தான் வந்துச்சு.”

“வர எட்டு வருஷமாச்சே.”

“அன்னிக்கு நான் உன்னை அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.”

அவள் கை நின்றது. “நான் ஏன் கையெழுத்துப் போட்டேன்னு நினைச்சே? அந்தக் கிழவருக்காகவா? போடலன்னா உன்னை மேடையிலேர்ந்து இறக்கிடுவாங்களேன்னுதான். உனக்கு அந்த நாற்காலி எவ்வளவு பிடிக்கும்னு எனக்குத் தெரியாதா?”

கீழே தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பவில்லை.

“ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்குப் போவியா?”

“தெரியல” என்றார். உண்மையிலேயே தெரியவில்லை. போகாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வதென்பதுகூடத் தெரியவில்லை.

அவள் வாளியிலிருந்து கனமான போர்வை ஒன்றைத் தூக்கி, ஒரு முனையை அவர் பக்கம் நீட்டினாள். “பிடி. இது ஒரு ஆள் பிழியற துணி இல்ல.”

அவர் வலப்பக்கம் முறுக்க, அவள் இடப்பக்கம் முறுக்கினாள். இருவருக்கும் நடுவே போர்வை கயிறாகத் திரண்டு இறுகியது. தண்ணீர் சூடான தரையில் கொட்டி, அவருடைய செருப்பைச் சுற்றி ஓடியது. அவர் காலை நகர்த்தாமல் இன்னும் ஒரு சுற்று முறுக்கினார்.